கொண்டுவரப்பட்ட நிலை: நன்று

1

இந்தக் கதை ஒரு எண்ணிலிருந்து பிறந்தது.

[இப்படித்தான் முதலில் எழுதியிருந்தேன். பொய் என்று தெரிந்த பிறகும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். நீங்களும் பார்த்துவிட்டுப் போகலாம்.]

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. ஊட்டியில், ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஒரு பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். கிருமி வளர்த்துப் பார்க்கும் பிரிவு என்னுடையது. வெளியூர்களிலிருந்து வரும் மாதிரிகளை வாங்கும்போது ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும். பெயர், வயது, ரத்தம் எடுத்த நேரம், வந்து சேர்ந்த நேரம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'கொண்டுவரப்பட்ட நிலை'. அதில் எல்லோரும் 'நன்று' என்று எழுதுவோம். வேலை அதிகமான நாட்களில் காலையிலேயே பத்து வரிக்கும் சேர்த்து 'நன்று' எழுதி வைத்துவிடுவதும் உண்டு.

போன வருடம் மாட்டுப் பொங்கலன்று நான் எழுதிய ஒரு 'நன்று' உண்மையல்ல.

கதை எழுதுகிறவர்களுக்குப் பொய் சொல்ல உரிமை உண்டு. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது கிடையாது. நான் இரண்டு வேலையும் பார்க்கிறேன். சிறுபத்திரிகைகளில் அம்சவேணி என்ற பெயரில் ஏழெட்டுக் கதைகள் வந்திருக்கின்றன. நீங்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. எந்த இடத்தில் எந்த வேலையைப் பார்த்தேன் என்பதில் எனக்கே குழப்பம் வந்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'அன்று தலைகுந்தா புல்வெளி முழுக்க உறைபனி, உப்பைக் கொட்டி வைத்தாற்போல—'

இதோடு நிறுத்தினேன். நீலகிரியைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் உறைபனியை விடுவதில்லை. சுற்றுலா வருகிறவர்களும் அதன்மேல் நின்று போட்டோ எடுக்காமல் போவதில்லை. பனியின் மேல் பழியைப் போட்டால் எனக்கு வசதி என்பதால்தான் அங்கிருந்து ஆரம்பித்தேன் என்பது இரண்டு நாள் கழித்துப் புரிந்தது.

இரண்டாவது: 'இயந்திரம் பொய் சொல்வதில்லை. ஆனால்—'

இயந்திரம் உண்மையும் சொல்வதில்லை. அதனிடம் கொடுத்த நிமிடத்திலிருந்து எண்ணும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அதைக் கேட்டால் அது என்ன செய்யும்? அதைச் சொல்லவேண்டியவள் நான்.

மூன்றாவது: 'சுடலை தன் மனைவியின் ரத்தத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊட்டிக்கு வந்தார்.'

இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. நடந்தது அப்படியேதான். ஆனால் இதைப் படித்ததும் நீங்கள் சுடலையைத்தான் பார்ப்பீர்கள், என்னைப் பார்க்க மாட்டீர்கள். அதனால் இதையும் தொடக்கமாக வைக்கவில்லை.

3

கதைக்குள் போவதற்கு முன் கொஞ்சம் பாடம் நடத்தவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாவிட்டால் பிறகு வருவது எதுவும் உறைக்காது.

ரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டதா என்று பார்க்க, கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, கிருமிகள் தின்று வளர்வதற்கான சாறு இருக்கும் ஒரு பாட்டிலில் விடுவார்கள். பாட்டிலை இயந்திரத்தில் வைப்போம். உள்ளே உடம்புச் சூடு. இயந்திரம் அதைத் தாலாட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டே இருக்கும். கிருமி இருந்தால் அது பெருகும், பெருகினால் காற்று விடும், அந்தக் காற்றில் பாட்டிலின் அடியில் இருக்கும் ஒரு வட்டம் நிறம் மாறும். உடனே இயந்திரம் கூவும். எத்தனை மணி நேரம், எத்தனை நிமிடத்தில் கூவியது என்று எழுதியும் வைக்கும்.

அந்த நேரம் முக்கியமானது. ரத்தத்தில் கிருமிகள் கூட்டமாக இருந்தால் பாட்டில் சீக்கிரம் கூவும். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கூவினால் டாக்டர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். மூன்றாம் நாள் மெதுவாகக் கூவினால், ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த கிருமியாக இருக்கலாம் என்று கொஞ்சம் மூச்சு விடுவார்கள். என்ன கிருமி என்பதைப்போலவே எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதும் ஒரு செய்தி.

இன்னொன்று உண்டு. கதை இதில்தான் நிற்கிறது. டயாலிசிஸ் செய்கிறவர்கள் சிலருக்குக் கழுத்து வழியாகப் பெரிய ரத்த நாளத்துக்குள் ஒரு குழாய் போட்டிருப்பார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், கிருமி அந்தக் குழாயில் குடியிருக்கிறதா, உடம்பில் வேறெங்காவது இருக்கிறதா என்று தெரியவேண்டும். அதற்காகக் குழாயிலிருந்து ஒரு பாட்டில், கையிலிருந்து ஒரு பாட்டில் என்று ஒரே நேரத்தில் எடுப்பார்கள். குழாய்ப் பாட்டில் கைப் பாட்டிலைவிட இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டு கூவினால், குழாய்தான் கூடு. அதைப் பிடுங்க வேண்டும். முந்தவில்லை என்றால் குழாயின் மேல் சந்தேகம் குறையும்.

இதெல்லாம் சரியாக இருக்க ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு பாட்டிலும் இயந்திரத்துக்கு வரும்வரை ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும்.

4

ஆயம்மாளை நான் பார்த்ததே இல்லை. ஒரு கதாபாத்திரத்தை உருவாக்க இது போதாது என்று எனக்கும் தெரியும். என் கைக்கு வந்தது அவருடைய ரத்தம் மட்டும்தான், ஒரு பாட்டிலுக்கு எட்டு மில்லி வீதம். மற்றதெல்லாம் அவருடைய கணவர் சுடலை பிறகு சொன்னவை.

ஐம்பத்திரண்டு வயது. கூடலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. டயாலிசிஸுக்காகக் கையில் செய்த ஆபரேஷன் இரண்டு முறையும் அடைத்துக்கொண்டது. கழுத்தின் இடதுபுற ரத்த நாளமும் அடைத்துவிட்டது. வலதுபுறக் குழாய்தான் மிச்சம். வாரம் இரண்டு நாள் பக்கத்து ஊரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் அந்தக் குழாய் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இந்த நோயில் வாழைப்பழம் ஆகாது, அதிலுள்ள பொட்டாசியத்தை மெஷின்தான் வெளியேற்றவேண்டும். ஆனாலும் மெஷினில் படுத்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நேந்திரம் பழத்தைச் சுடலையும் அவரும் ஆளுக்குப் பாதியாகத் தின்பார்களாம். அங்கே நர்ஸாக இருந்த ஷிஜோ என்ற மலையாளி அந்த நேரத்துக்குச் சரியாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாராம்.

[ஆயம்மாளுக்கு இன்னும் ஒரு குணம் வேண்டும் என்று, அவர் கொழுந்து பறிக்கும்போது பாடுவார் என்று எழுதியிருந்தேன். சுடலையிடம் கேட்டேன். "பாடவா? அவளா? பக்கத்து நிரைக்காரிய திட்டிக்கிட்டே பறிப்பா" என்றார். பாட்டை எடுத்துவிட்டேன்.]

சுடலைக்கு அறுபது வயது. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். தேயிலை ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம், ஃபெர்மென்டிங் ரூமில் வேலை. அரைத்த இலையை விரித்துப்போட்டு, பச்சை போய்ச் செம்பு நிறம் வரும்வரை காத்திருக்கும் அறை அது. வெயில் நாளில் சீக்கிரம் நிறம் திரும்பும், குளிர் நாளில் இழுத்துக்கொண்டே போகும். மணியைப் பார்த்து இலையை எடுக்கிறவன் தூளைக் கெடுப்பான், தொட்டுப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் எது எவ்வளவு வேகமாக மாறும் என்பது இந்த மனிதருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

5

பொங்கலுக்கு முந்தைய வாரத்திலிருந்து ஆயம்மாளுக்கு டயாலிசிஸ் ஓடும்போதெல்லாம் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். அவரைப் பார்த்துவந்த டாக்டர் கருணாகரனுக்குக் குழாயின் மேல்தான் சந்தேகம். வலது காலில் அட்டை கடித்துச் சொறிந்து புண்ணான இடமும் ஒன்று இருந்தது, அதுவும் காரணமாக இருக்கலாம். குழாயைப் பிடுங்கினால் புதிதாகக் குழாய் போட இடம் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. கிடைக்காவிட்டால் டயாலிசிஸ் இல்லை. டயாலிசிஸ் இல்லாவிட்டால் எத்தனை நாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால், தெரிந்துகொண்டு பிடுங்கவேண்டும் என்று நினைத்தார். இரண்டு பாட்டில் எடுக்கச் சொன்னார்.

மாட்டுப் பொங்கல் காலை ஏழு மணிக்கு எடுத்தார்கள். வழக்கமாக மாதிரிகளைக் கொண்டுவரும் ஆள் பண்டிகை லீவு. மனைவியை அக்கம்பக்கத்தாரிடம் விட்டுவிட்டுச் சுடலையே கிளம்பினார். ஷிஜோ இரண்டு பாட்டிலையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்துச் சொன்னது இது: "அண்ணா, இது ஃப்ரிட்ஜில் வைக்கண்டா. தணுக்க விடாதீங்க கேட்டோ."

குளிர விடாதீர்கள் என்று ஷிஜோ சொன்னதில் தப்பில்லை. இந்தப் பாட்டிலைக் குளிர்ப்பெட்டியில் வைக்கக்கூடாது என்பது விதி. சாதாரண அறைச் சூட்டில் வந்தால் போதும். மலையில் சாதாரண அறைச் சூடு என்று ஒன்று கிடையாது என்பதை விதி எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

நடுவட்டத்துக்குக் கீழே கொண்டை ஊசி வளைவில் ஒரு கேரட் லாரி சாய்ந்து கிடந்தது. பஸ் மூன்று மணி நேரம் நின்றது. சுடலையின் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு மேலே ஏறவில்லை. கவரைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பாட்டிலும் சில்லென்று இருந்தன. அவர் போட்டிருந்த ஜெர்கினில் உள்பக்கம் இரண்டு பாக்கெட். வலதுபுறம் கிழிந்தது, அதில் போட்டால் லைனிங்குக்குள் விழுந்துவிடும். கையில் வந்த பாட்டிலை இடதுபுறப் பாக்கெட்டில் வைத்து ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டார். இன்னொன்றைக் கையில் வைத்துப் பார்த்தார். அவர் கை அந்தப் பாட்டிலைவிடக் குளிர்ந்திருந்தது. அதனால் அதைத் திரும்பக் கவரில் போட்டு, கவரை மஞ்சப்பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

பாக்கெட்டுக்குள் போனது கைப் பாட்டில். பையில் இருந்தது குழாய்ப் பாட்டில். அவர் லேபிளைப் பார்த்து எடுக்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டும் ஆயம்மாளுடைய ரத்தம்.

* ஒரு குறிப்பு: நான் இதுவரை வாங்கிய மாதிரிகள் கேரியரில், தூக்குவாளியில், ஷூ டப்பாவில் எல்லாம் வந்திருக்கின்றன. மசினகுடியிலிருந்து ஒருவர் சஃபாரி ஜீப்பின் பானெட் மேல் கட்டிக்கொண்டு வந்தார். ஜெர்கினுக்குள் வைத்துக் கொண்டுவந்தவர் சுடலை ஒருவர்தான்.

6

'மதியம் பன்னிரண்டரை மணிக்குச் சுடலை ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார். அங்கே இருந்த பெண் ஊழியர் பாட்டில்களை வாங்கிக்கொண்டார். பண்டிகை நாளாதலால் அவர் ஒருவர்தான் வேலையில் இருந்தார். முந்தைய நாளின் களைப்பு அவருடைய—'

இல்லை. இப்படி எழுதினால் அந்தப் பெண் ஊழியர் யாரோ ஆகிவிடுகிறார். அவருக்காக நானே வக்காலத்தும் வாங்க ஆரம்பித்துவிடுகிறேன். அந்தப் பெண் நான்தான். களைப்பெல்லாம் இல்லை. பொங்கல் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் இருந்தேன்.

அன்று ஹீட்டர் வேலை செய்யவில்லை. காலையிலிருந்து கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். விரல் நுனிகள் மரத்துப்போய், பேனா பிடித்தால் எழுத்து கோணியது. சுடலை ஜிப்பை இறக்கி உள்ளேயிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். வாங்கினேன். சுடச்சுட இல்லை, இதமான சூடு, அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தையின் கையைப் பிடித்ததுபோல். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அது ஐஸ்.

ஒரு பாட்டில் சூடாகவும் ஒன்று குளிர்ந்தும் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அது எதைக் கெடுக்கும் என்பதும் தெரிந்தது. பாடத்தை மறந்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை. அந்தப் பாடத்தைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நடத்துகிறவளே நான்தான்.

குளிர்ந்த பாட்டிலை உடனே மேசையில் வைத்துவிட்டேன். சூடான பாட்டிலை வைக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். விரல்களுக்கு உயிர் வந்தது. சுகமாக இருந்தது. சுடலை அதைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு இரண்டையும் இயந்திரத்தில் வைத்தேன். விரல்கள் நன்றாக மடங்கின. பதிவேட்டை எடுத்து, கடைசிக் கட்டத்தில், கோணாத அழகான கையெழுத்தில், 'நன்று' என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று இத்தனை மாதமாக யோசிக்கிறேன். பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அந்த மனிதர் அவ்வளவு தூரம் அப்படிக் கொண்டுவந்ததைப் பார்த்த பிறகு வேறு சொல் எழுத மனம் வரவில்லை என்று ஒரு வரைவில் எழுதியிருக்கிறேன். நல்ல வாக்கியம். அதை நம்பாதீர்கள். எப்போதும் எழுதுவதை எழுதினேன், அவ்வளவுதான்.

7

கைப் பாட்டில்: பதினொரு மணி நேரம் இருபது நிமிடம்.

குழாய்ப் பாட்டில்: பன்னிரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடம்.

மறுநாள் காலை டாக்டர் கருணாகரன் மேசையில் இருந்தது இவ்வளவுதான். இரண்டும் வேகமாகக் கூவியிருக்கின்றன, அதனால் கிருமி நிஜம். குழாய் முந்தவில்லை. கைதான் முந்தியிருக்கிறது. அதனால் குழாய் கூடு அல்ல. கால் புண்ணைப் பார்ப்போம். எந்த டாக்டரும் அப்படித்தான் படித்திருப்பார். குழாயை விட்டுவைத்தார். கால் புண்ணைச் சுரண்டிக் கட்டினார்கள், இரண்டு வாரம் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது.

ஊசியை நிறுத்திய ஐந்தாம் நாள் காய்ச்சல் திரும்பி வந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் கிருமி இதயத்தின் கதவுகளில் போய் உட்கார்ந்திருந்தது. அங்கே பிடுங்கிய குழாயின் நுனியில் அதே கிருமி இருந்தது. மாசி மாதம் நான்காம் தேதி ஆயம்மாள் இறந்துபோனார்.

கைப் பாட்டில் நாலரை மணி நேரம் ஒரு மனிதனின் நெஞ்சுச் சூட்டில் இருந்திருக்கிறது. இயந்திரத்துக்கு வருவதற்கு முன்பே அதற்குள் வேலை தொடங்கியிருக்கும். இன்னொன்றில் கிருமிகள் குளிரில் சுருண்டு கிடந்திருக்கும். இரண்டும் ஒன்றாக வந்திருந்தால் குழாய்ப் பாட்டில் இரண்டு மணி நேரம் முந்தியிருக்குமா? மூன்று மணி? பல தாள்களில் கணக்குப் போட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது. முந்தியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

8

மூன்று பேரிடம் பேசினேன் என்று சொல்லவேண்டும். உண்மையில் இரண்டு பேரிடம்தான் பேசினேன். மூன்றாமவரிடம் ஒரு சொல் சொன்னேன்.

மார்ச் மாதம் டாக்டர் கருணாகரனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிடுங்கியிருந்தாலும் புதுக் குழாய்க்கு இடம் கிடைத்திருக்குமா என்று தனக்கே தெரியாது என்றார். நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். அப்போது சொன்னார்:

"அந்தக் கட்டத்துல நீங்க ரெண்டு வார்த்தை எழுதியிருந்தா, இன்னொரு ஜோடி பாட்டில் எடுக்கச் சொல்லியிருப்பனுங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல என்ன ஆயிருக்கும்னு எனக்கும் தெரியாது."

இன்னொரு ஜோடி பாட்டில். என் குற்றத்தின் அளவு அது. கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன்.

அதே மாதம் சுடலை எங்கள் கூடத்துக்கு வந்தார், தன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள. கையில் ஒரு பொட்டலம் தேயிலைத் தூள், எனக்கு. அவருக்குள் ஒரு கேள்வி இருந்தது. "மேடம், நான் பையில வச்ச பாட்டிலு குளிர்ல கெட்டுப்போச்சுங்களா? ரெண்டையும் ஜெர்கின்லயே வச்சிருக்கணும். இடம் பத்தல. அதனாலதான் அவளுக்குச் சரியா வைத்தியம் அமையலையோன்னு இருக்கு."

"இல்லைங்க" என்றேன். அந்த ஒரு சொல்தான். அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி. ஒண்ணாவது சூடா கொண்டாந்தேன்" என்றார். நான் தூள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். ஒவ்வொரு முறையும் அந்தப் பஸ் பயணத்தைச் சொல்வார். சாய்ந்த லாரி, சிக்கிய ஜன்னல், கிழிந்த பாக்கெட், ஜிப். ஆயம்மாளுக்காக அவர் கடைசியாகச் செய்த வேலை அது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் அழுவதில்லை.

இனி என் கணவர் முத்துராஜ். கேத்தியில் கேரட் கழுவும் மிஷின் வைத்திருக்கிறார். என் கதைகளை அவர் படிப்பதில்லை. இதை மட்டும் படிக்கச் சொன்னேன். ஆறாவது பகுதிவரை படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார். "இது அவருக்குத் தெரியுமா?" என்றார். இல்லை, ஆனால் நான் கதை எழுதுவது தெரிந்து, எழுதியதும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன்.

"ஏம்புள்ள, உன்ர தப்ப மட்டும் தனியாப் பிரிச்சு எழுத முடியுமா? நீ வாங்குன பாட்டில் சூடா இருந்துச்சுன்னு எழுதுனா, சூடாக்குனது ஆருன்னு அவருக்குத் தெரியாதா? நீ எழுதி முடிச்சுட்டு நிம்மதியாத் தூங்கிப்போடுவ. அந்த மனுசன் தூங்க வேண்டாமா?"

 

* இன்னொரு குறிப்பு: இப்போதெல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்தில் நான் எழுதுவதைப் படித்துக் கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். 'ஆட்டோக்காரர் மடியில், வெயில் பட்டது.' 'மீன் கூடைக்குப் பக்கத்தில், ஒரு மணி நேரம்.' அம்சவேணி பதிவேட்டிலேயே கதை எழுத ஆரம்பித்துவிட்டாள் என்கிறார்கள். இருக்கட்டும்.

9

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில், கடைசிக் கட்டத்தில் 'ஒன்று சூடு, ஒன்று குளிர்' என்று எழுதுகிறேன். டாக்டர் இன்னொரு ஜோடி எடுக்கச் சொல்கிறார். குழாய் முந்துகிறது. பிடுங்குகிறார்கள். கோயம்புத்தூரில் தொடையில் புதுக் குழாய்க்கு இடம் கிடைக்கிறது. மாசி மாதம் ஒரு காலையில், மெஷினில் படுத்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், சுடலை பழத்தை இரண்டாக ஒடிக்கிறார். ஷிஜோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இதை எழுதி முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவினேன். அழுகை நிற்கவில்லை. திரும்பி வந்து கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது முடிவில், அதேபோல் எழுதுகிறேன், அதேபோல் பிடுங்குகிறார்கள், புதுக் குழாய்க்கு இடம் கிடைப்பதில்லை. ஆயம்மாள் மாசி வரைகூட இருப்பதில்லை. இதுவும் நடந்திருக்கலாம். எனக்குச் சாதகமான முடிவு என்பதால் ஒரு பத்திக்கு மேல் எழுத வெட்கமாக இருந்தது.

மூன்றாவது முடிவு அல்ல, வேறு ஒரு கதை. அதில் ஜெர்கின் கிடையாது. இரண்டு பாட்டிலும் பையிலேயே வருகின்றன, ஒரே குளிரில். பெண் ஊழியர் 'நன்று' என்று எழுதுகிறார், அது உண்மையாகவும் இருக்கிறது. நோய் முற்றிவிட்டது, யாராலும் எதுவும் செய்யமுடியவில்லை. ஆயம்மாள் இறக்கிறார். சுடலைக்குக் கொடுப்பதற்காக இதை எழுதினேன். கணவர் படித்துவிட்டு, இதுதான் சரி என்றார். நன்றாகவும் வந்திருந்தது. மொத்தம் ஒன்பது பக்கம்.

10

போன வாரம் சுடலை வந்தார். சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து படிக்கட்டும் என்று ஒன்பது பக்கக் கதையைக் கொடுத்தேன். தினமும் பேப்பர் படிக்கிறவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு லேசாக அசைய, நிதானமாகப் படித்தார். அதே ஜெர்கினைத்தான் போட்டிருந்தார்.

முடித்துவிட்டு, மாதிரி வாங்கும் ஜன்னலுக்கு வந்தார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆயம்மாள் பக்கத்து நிரைக்காரியைத் திட்டுவதெல்லாம் அப்படியே அவள்தான் என்றார். பிறகு பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். எதையோ தேடினார்.

"ஜெர்கின்ல வச்சுக் கொண்டாந்தத விட்டுட்டீங்களே மேடம்."

கதைக்கு அது தேவைப்படவில்லை என்றேன்.

அவர் தலையாட்டினார். ஏற்றுக்கொண்டு ஆட்டவில்லை. தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கி என்னிடம் திருப்பித் தந்தார். அவருக்கென்று எழுதியதைத் தனக்கு வேண்டாம் என்பதுபோல் கொடுத்துவிட்டு, பெஞ்சுக்குத் திரும்பப் போனார். அவளுக்காக அவர் செய்த ஒரே வேலையை ஒன்பது பக்கத்தில் நான் இல்லாமல் ஆக்கியிருந்தேன். அவரை வலியிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று அவரையே கதையிலிருந்து எடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மேசை இழுப்பறையில் இந்தக் கதை இருந்தது, நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இதே கதை, ஒன்பதாம் பகுதிவரை. எடுத்துக்கொண்டு போய், இன்னொன்றும் இருக்கிறது, இதில் ஜெர்கின் வருகிறது, ஆனால் படிக்கக் கஷ்டமாக இருக்கும் என்றேன். வேண்டாமென்றால் வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் கையை நீட்டினார்.

ஐந்தாம் பகுதியில் புன்னகைத்தார். மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தார். ஆறாம் பகுதிக்கு வந்தார். அங்கே வெகுநேரம் இருந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரத் தோன்றவில்லை. ஏழாம் பகுதியின் இரண்டு எண்களின் மேல் விரலை வைத்தார், முதலில் ஒன்றின் மேல், பிறகு மற்றதின் மேல். ஃபெர்மென்டிங் ரூமில் இருபத்திரண்டு வருடம் இருந்தவருக்கு அதற்குமேல் யாரும் விளக்கத் தேவையில்லை. இடது கை ஜெர்கினின் உள்ளே, அந்தப் பாக்கெட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது.

அதற்குப் பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்கு ஒங்க கை ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சுங்களா மேடம்?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் ஒன்று சொன்னார். பிறகு ஒன்று செய்தார். இரண்டையும் எழுதி, இதுதான் முடிவு என்று வைத்து, நான்கு முறை படித்தேன். நல்ல முடிவு. நீங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்திருப்பீர்கள். என்னைப் பற்றியும் அவ்வளவு மோசமாக நினைத்திருக்க மாட்டீர்கள்.

அதை எடுத்துவிட்டேன். அவர் என்னை மன்னித்தாரா, எழுந்து போய்விட்டாரா, அடுத்த முறை வருவாரா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்ன வைத்தாலும் சரி. அந்த மனிதர் கொண்டுவந்த சூட்டில் ஒருமுறை குளிர் காய்ந்தவள் நான். இன்னொரு முறை வேண்டாம்.